தம்பியின் கைக்கு அளவெடுத்த கிடார்

‘டக்’ என்று ஒரு சத்தம். பெரிய சத்தமெல்லாம் இல்லை. அடுக்களையில் அப்பளம் ஒடிந்தால் கேட்குமே, அவ்வளவுதான்.

என் தம்பி மணி கட்டிலில் உட்கார்ந்து, மடியில் கிடாரை வைத்துக்கொண்டு, கடைசிக் கம்பியின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட்டான். நான் எதிரே தரையில் உட்கார்ந்து யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். நைனா வாசற்படியில் நின்றிருந்தார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

“இன்னாடா சத்தம்?” என்றார் நைனா.

மணி கிடாரைத் திருப்பிப் பார்த்தான். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து துண்டு மரங்களை ஒட்டிச் செய்த உடம்பு அது. கழுத்து வந்து உட்காரும் பள்ளத்தில் தொடங்கி நீளவாக்கில் வாய் பிளந்திருந்தது. ஒரு தபால் அட்டையை உள்ளே விடலாம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிளவு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.

“கம்பியத் தளத்துடா, தளத்து!” என்று கத்தினேன். அவன் ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்தினான். எல்லாம் தொளதொளவென்று தொங்கின.

நைனா கிட்டே வரவில்லை. நின்ற இடத்திலேயே தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்துவிட்டார்.

கடிதம் எழுதுகிறவர்களுக்கு

தம்பியின் இரண்டு சிறுநீரகங்களும் பழுதான கதையை இந்தத் தொடரில் எழுதியதிலிருந்து எனக்கு ஏகப்பட்ட கடிதம் வருகிறது. வாழைத்தண்டுச் சாறு கொடுக்கச் சொல்கிறார்கள். ஒருவர் ஒரு சாமியாரின் விலாசத்தை வரைபடம் போட்டே அனுப்பியிருக்கிறார். அன்புக்கு நன்றி. தண்ணீரையே டம்ளரில் அளந்து குடிக்கிறவனுக்கு வாழைத்தண்டுச் சாறு ஆகாது. தயவுசெய்து இனிமேல் எழுதாதீர்கள்.

ஓர் அம்மாள் மட்டும், ‘கூடப் பிறந்தவள்தானே, நீங்கள் ஏன் ஒரு சிறுநீரகம் கொடுக்கக் கூடாது?’ என்று கேட்டிருந்தார். கொடுக்கத்தான் போனேன் அம்மா. எனக்குச் சர்க்கரை இருப்பதே அங்கே போய்ச் சோதித்தபோதுதான் தெரிந்தது. ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக்கொண்டு, கண்டநேரத்தில் டீ குடித்துக்கொண்டு கிடந்தவளுக்கு வேறென்ன வரும்? திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து நைனா போனார். வயதைக் கேட்டார்கள். அவர் தைரியமாக ஐந்தாறு வயதைக் குறைத்துச் சொன்னார். ஆதார் அட்டையைக் கேட்டதும் மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். அம்மா போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இருந்திருந்தால் கொடுத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் அதுதான் தோன்றியிருக்கும்.

பூனை உறுமும் கை

ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஒருநாள் விட்டு ஒருநாள் மிஷினில் படுக்க வேண்டும். அதற்காகக் கையில் சின்ன ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துவிடுவார்கள். முதலில் இடது மணிக்கட்டில் செய்தது சில மாதத்திலேயே அடைத்துக்கொண்டது. பிறகு வலது முன்கையில் செய்தார்கள். அங்கே நரம்பு புடைத்துக் கயிறு மாதிரி வளைந்து கிடக்கும். மேலே விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு தெரியும்.

“எனக்குள்ளயே ஸ்பீக்கர் ஓடிக்கினு இருக்குதுக்கா. ஆஃப் பண்ணத்தான் முடியல” என்பான் மணி.

அந்தக் கைதான் அவன் உயிர். அதில் வாட்ச் கட்டக் கூடாது. பை மாட்டக் கூடாது. தலைக்கு அணை கொடுத்துப் படுக்கக் கூடாது. எதன் மேலேயும் அழுந்தக் கூடாது.

கிடார் வாசிக்கிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வலது முன்கை கிடாரின் மேல் விளிம்பில்தான் சாய்ந்திருக்கும். சரியாக அதே இடத்தில்தான் மணிக்கு ஆபரேஷன் செய்திருந்தது.

பதினைந்து வருடமாகக் கல்யாணக் கச்சேரி, கோயில் திருவிழா என்று மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிடார் வாசித்தவன் அவன். கிடாரை எடுத்து மடியில் வைப்பான். கை வைக்கப் போவான். நர்ஸ் சொன்னது ஞாபகம் வரும். கீழே வைத்துவிடுவான். ஒரு வருடம் இப்படியே ஓடியது.

அந்த வருடத்து மழையில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தபோது, கட்டிலுக்கடியில் கிடந்த அந்தக் கிடாரும் நனைந்தது. மலிவான கிடார்தான். உடம்பு பிளைவுட். ஊறி உப்பி, ஏடு ஏடாகக் கழன்று வந்தது. கழுத்தும் திருகுகளும் உள்ளே இருந்த மின் சாமான்களும் மட்டும் பிழைத்தன. அழுவான் என்று நினைத்தேன். அவன் கழுத்தைக் கழற்றித் துடைத்து வெயிலில் வைத்துவிட்டு, “ஒடம்புதான்க்கா போச்சி. வேற ஒடம்பு செஞ்சிக்கலாம். என் கைக்கு ஏத்தா மாதிரி” என்றான்.

அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முந்தைய ஒரு வருடம் நான் பார்க்கவில்லை. அதனால்தான் நானும் நைனாவும் ஒன்றும் தெரியாமலே தலையை ஆட்டினோம். இவன் மறுபடி வாசித்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தது எங்களுக்கு.

திருப்புட்குழியில் கரண்ட் போனபோது

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. மணி குழுவில் சேர்ந்த புதிது. திருப்புட்குழிக் கோயில் திருவிழாவில் கச்சேரி. நானும் நைனாவும் முன்வரிசையில் போய் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது பாட்டில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர்காரர் எங்கேயோ டீ குடிக்கப் போயிருந்தார்.

பாடகர் மைக்கை வைத்துவிட்டுத் துண்டால் விசிறிக்கொண்டார். டிரம்ஸ் அடிப்பவர் இறங்கிப் போனார். மணி மட்டும் நிறுத்தவில்லை. கரண்ட் இல்லாத எலெக்ட்ரிக் கிடார் சத்தம் கொசு பாடுகிற மாதிரிதான் இருக்கும். மேடைக்குக் கீழே இருந்த எங்களுக்கே கேட்கவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் வாசித்து முடித்தான்.

“இன்னாத்துக்குடா யாருக்கும் கேக்காம வாசிச்சிக்கினு இருந்தே?” என்று நைனா திரும்பி வரும் வழியில் கேட்டார்.

“எனக்குக் கேட்டுதே நைனா. இங்க” என்று கிடார் படும் நெஞ்சைக் காட்டினான்.

மரம் அதிர்வது நெஞ்சில் தெரியுமாம். பிளைவுட்டுக்கே அப்படியென்றால் நல்ல மரமாக இருந்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்கு அப்போதிருந்தே ஓர் ஆசை.

பேப்பரில் வெட்டிய உடம்பு

ஒலிமுகமதுபேட்டையில் காதர் பாய்க்குக் கதவு, ஜன்னல், கட்டில் செய்யும் பட்டறை இருக்கிறது. நைனாவுக்குப் பல வருடப் பழக்கம். அறுத்து மிஞ்சும் துண்டுகளை அடுப்புக்குத்தான் போடுவார்.

நைனா அந்தத் துண்டுகளைக் கேட்டதும் பாய், “இன்னாண்ணே, வெந்நி வெக்கவா?” என்றார்.

“புள்ளைக்கு வாத்தியம் செய்யணும் பாய்.”

பாய் சிரித்தார். பிறகு மணியின் கையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “இஷ்டத்துக்கு எடுத்துக்கப்பா” என்று குவியலைக் காட்டினார். மணி கீழே உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டான். கதவுச் சட்டத்தில் மிஞ்சிய தேக்கு இரண்டு, ஒரு வேங்கை, ஒரு மாமரத் துண்டு. அகலம் போதாத குறைப் பலகைகள்தான். பாய் அவற்றின் ஓரத்தை மிஷினில் இழைத்து நேராக்கிக் கொடுத்தார்.

உடம்பின் வடிவம் என் பொறுப்பு. வேறு யாருக்குத் தெரியும்? ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோல மணியை நிமிர்ந்து உட்காரவைத்து டேப்பைப் போட்டேன். அக்குளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து புடைப்பு தொடங்கும் இடம், அதன் சுற்றளவு எல்லாம் எடுத்தேன். பழைய நியூஸ்பேப்பரை அவன் மடியில் விரித்துப் பென்சிலால் வரைந்தேன். கை படும் இடத்தை மட்டும் கழுத்து இறக்கம் வெட்டுகிற மாதிரி ஆழமாக உள்வாங்கி வெட்டினேன்.

“கோமதியக்கா டெய்லர்ஸ். கிடாருக்கும் ரவிக்கை தைக்கப்படும்” என்றான் மணி.

“வாய மூடிக்கினு கைய நேரா வைடா” என்றேன். சிரித்தபடியே அந்தப் புடைப்பின் மேல் பேப்பர்கூடப் படாமல் வெட்டி முடித்தேன்.

இன்னும் ஒரு முறுக்கு

நைனா நெசவுக்காரர். தறியில் பாவு நூல் விறைப்பாக நின்றால்தான் பட்டு பட்டாக வரும். கொஞ்சம் தளர்ந்தாலும் துணி அழுமூஞ்சியாகிவிடும். ஆயுசு முழுவதும் ஒன்றை இழுத்துக் கட்டியே சோறு தின்ற மனிதர். அவர் கட்டிய முடிச்சை அவிழ்க்க எங்கள் வீட்டில் கத்தரிக்கோல்தான் வேண்டும். அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னியதும் அவர்தான். புருவம் இரண்டும் மேலே ஏறிக்கொள்ளும். ‘இந்தப் பொண்ணு எதப் பாத்தாலும் ஆச்சரியப்படுதே’ என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்வார்.

அவர் மட்டுமில்லை, நாங்களும் அதே வார்ப்புதான். தளர்த்தி வைத்தால் நல்லது என்று எதையுமே எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

ஒட்டிய அன்று நடுக்கூடத்தில் கோரைப்பாய் விரித்தோம். மணி பலகைகளின் ஓரத்தில் வெள்ளைக் கோந்தைத் தடவி அடுக்கினான். காதர் பாயிடம் இரவல் வாங்கிய, பலகையை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கிளாம்ப் இரண்டை மாட்டினோம். நைனாவுக்கு அது போதவில்லை. பரணிலிருந்து தறிக்கயிற்றை எடுத்துப் பலகையைச் சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு கட்டையைச் செருகி முறுக்க ஆரம்பித்தார். இணைப்புகளிலிருந்து கோந்து வெள்ளையாகப் பிதுங்கி வழிந்தது. புளித்த வாசனை கூடமெல்லாம் பரவியது.

“பாத்தியாடா, எப்புடிப் புடிக்குது பாரு!”

“இன்னும் ஒரு முறுக்கு நைனா” என்றான் மணி.

“அந்தப் பக்கமும் இழுங்க” என்றேன் நான், வழிந்ததைத் துணியால் துடைத்துக்கொண்டே.

நைனா முழங்காலைப் பலகையின் மேல் ஊன்றிக்கொண்டார். கழுத்து நரம்பெல்லாம் தெறிக்க முறுக்கினார். ஒரு முறுக்கு, இன்னொரு முறுக்கு. வேர்வை சொட்டியது. இவ்வளவு ஆவேசமாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. சிறுநீரகம் கொடுக்க முடியாதவர், ஆதார் அட்டையிடம் தோற்றவர், மகனுக்கென்று கடைசியில் கையால் செய்ய ஒன்று கிடைத்துவிட்டது. அந்தக் கோபமும் ஆசையும் மொத்தமாக அந்தக் கயிற்றில் இறங்கின. மூவருமே அன்று சந்தோஷமாக இருந்தோம். நன்றாகச் சாப்பிட்டோம்.

அதன்பிறகு எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. என் பேப்பரை ஒட்டிவைத்துப் பாய் பட்டறையில் அறுத்தார்கள். மணி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். களைத்துப்போனால் நான் தேய்த்தேன். கழுத்துக்குப் பள்ளம் பறித்து ஆணி முடுக்கினோம். கம்பியும் மாட்டியாயிற்று.

பிறகுதான் அந்தச் சத்தம்.

உள்ளே ஒன்றுமில்லை

நைனா தெருவில் இறங்கிப் போன பிறகு, மணி கழுத்தைக் கழற்றிவிட்டுப் பிளவுக்குள் கத்தி முனையை விட்டு லேசாக நெம்பினான். பலகைகள் முரண்டு பிடிக்காமல் பிரிந்து வந்தன. ஒட்டிய முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினான். மரம் இழைத்தபோது இருந்த மாதிரியே சுத்தமாக இருந்தது.

“உள்ள ஒன்னுமே இல்லக்கா. கோந்த மொத்தமும் புழிஞ்சி வெளிய தள்ளிட்டிருக்கோம். நீ தொடைச்சே பாரு, அதுதான் ஒட்ட வேண்டியது.”

“அப்ப தளர்வா கட்டணுமா?”

“சும்மா புடிச்சிக்கினு இருந்தா போதும் போல.”

நைனா திரும்பி வந்ததும் இதைச் சொன்னோம். கேட்டுக்கொண்டார். மறுபடி ஒட்டலாம், நீங்கள் மெதுவாக முறுக்குங்கள் என்று மணி சொன்னான்.

“என்னால முடியாதுப்பா. மெதுவான்னா என் கை கேக்காது. எனக்கு அது வராது” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரை நான் எப்படித் தேற்றுவது? இறுக்கிப் பிடித்தால் நிற்கும் என்பதைத் தவிர வேறெதையும் அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. எனக்குந்தான்.

பாய் பட்டறையில் ஓரங்களை மறுபடி ஒரு நூல் அளவு இழைத்து வாங்கி வந்தோம். இந்தமுறை மணியே ஒட்டினான். கிளாம்ப்பை அவனே திருகினான். அவன் கையில் என்ன பலம் இருந்தது? டப்பா மூடியைத் திறக்கவே என்னைக் கூப்பிடுகிறவன். அந்தப் பலம் சரியாகப் போதுமானதாக இருந்தது. கோந்து இணைப்பு நெடுக மணி மணியாகத் துளிர்த்து அப்படியே நின்றது. காய்ந்த பிறகு நைனா ரகசியமாகப் பலகையை முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்ததை நான் பார்த்தேன். அசையவில்லை.

ஆனால் மறுபடி எல்லாம் செய்து முடிக்க இரண்டு மூன்று மாதம் இழுத்துவிட்டது. மிஷினில் படுத்துவிட்டு வரும் நாளில் அவனால் எழுந்திருக்கவே முடியாது. மறுநாள்தான் கொஞ்சம் வேலை செய்வான். நடுவே காய்ச்சல் வேறு.

அந்தச் சமயத்தில் ஒருநாள் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். இடது கையால் டம்ளரை வாங்கிப் பிடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தான். எனக்கு முந்தானையில்லாமல் தொட முடியாத சூடு. அவன் கீழே வைக்கவே இல்லை.

“சுடலியாடா?”

டம்ளரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “கொஞ்ச நாளாவே இந்தக் கை மரத்துக்கினு வருதுக்கா” என்றான்.

நரம்பு பாதித்திருக்கிறது என்றார் டாக்டர். இந்த வியாதியில் சிலருக்கு வருமாம். சரியாகுமா என்று கேட்டேன். “பார்க்கலாம்மா” என்றார். டாக்டர்கள் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று இத்தனை நாளில் எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். கிடாரைப் பற்றி நாங்கள் இருவருமே ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறு கம்பிகள்

கடைசியில் கம்பி மாட்டினான். காலை வேளை. நானும் நைனாவும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். முறுக்கினான், முறுக்கினான், சுருதி வரும்வரை முறுக்கினான். உடம்பு அசையவில்லை. குழு நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி வந்த ஸ்பீக்கர் பெட்டியில் சொருகினான்.

வலது கை, நான் வெட்டிய பள்ளத்துக்குள் எங்கும் இடிக்காமல் போய் நின்றது. ஆறு கம்பிகளையும் சேர்த்து ஒருமுறை மீட்டினான்.

அப்பப்பா, என்ன சத்தம் அது! ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர் வீட்டில் தறி ஓட்டுகிற சத்தம் நின்றது. மணி கண்ணை மூடிக்கொண்டு கிடாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். நைனா அழுதார். மறைக்கவெல்லாம் இல்லை, வாய்விட்டே அழுதார்.

பிறகு மணி இடது கையைக் கம்பிகளின் மேல் வைத்தான். விரல்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துப் பார்த்து அதனதன் இடத்தில் வைத்தான். மீட்டினான்.

சொத் என்றது. ஈரத் துணியைக் கல்லில் போட்ட மாதிரி.

விரல்களைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி மீட்டினான். மறுபடியும் அதேதான். வேறோர் இடத்தில் வைத்துப் பார்த்தான். ஒரே ஒரு விரலை மட்டும் வைத்துப் பார்த்தான். இரண்டு தடவை கையை உதறிவிட்டுக்கொண்டான்.

“அக்கா, வெரலு கம்பி மேலதானே இருக்குது?”

குனிந்து பார்த்தேன். விரல் கம்பி மேல்தான் இருந்தது. கம்பிதான் கீழே இறங்கவில்லை. இலைமேல் ஈ உட்கார்ந்த மாதிரி விரல் சும்மா உட்கார்ந்திருந்தது.

“இருக்குதுப்பா.”

“நல்லா அமுக்கிக்கினு இருக்கேனா?”

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

“அமுக்கிக்கினுதான் இருக்கே” என்றேன்.

அவன் கிடாரைத் திருப்பி, அந்த ஒட்டிய கோடுகளை இடது கைப் பெருவிரலால் தடவினான்.

“அப்போ மரந்தான் சரியில்லக்கா. ஒட்டுனது எங்கியோ தப்பு. பிரிச்சிட்டு மொதல்லேர்ந்து செஞ்சாதான் சரிப்படும்.”

பதினைந்து வருடம் கிடார் வாசித்தவன். மரத்தின் குறை எது, விரலின் குறை எது என்று அவனுக்கா தெரியாது? நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் நைனா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“நானும் அதான் நெனச்சேன். அந்த மாமரத் துண்டு ஆவாதுன்னு எனக்கு அன்னிக்கே தோணிச்சி” என்றார். “நல்லதா வேற மரம் கேட்டு வாங்கியாறேன். மறுபடி ஒட்டலாம்பா.”

சட்டையை மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒலிமுகமதுபேட்டைக்குக் கிளம்பினார். அன்று வெள்ளிக்கிழமை. பாய் பட்டறை திறக்காது. அது அவருக்கும் தெரியும்.